பரணில் குளவி: நான் பட்டது போதும்

போன வாரம் புதிதாக வேட்டைக்கு வந்த ஓர் இளைஞர் தன் பெட்டிப் பரணின், அதாவது வேட்டைக்கு உயரத்தில் ஒளிந்து உட்காரும் பலகைப் பெட்டியின், கதவைத் திறந்தார். திறந்த வேகத்திலேயே பாதி ஏணி வழுக்கி இறங்கினார். கன்னத்தில் இரண்டு கொட்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வித்தையை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். கூட்டைக் குச்சியால் குத்தக்கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மற்றத் தவறுகள் இவை.

சீசனின் முதல் விடியலில்தான் கதவைத் திறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பரணுக்கு, விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கோடு ஏறினேன். கதவை இழுத்ததும் நிலைக்கு மேலே இருந்த கூடு அதிர்ந்தது. இருட்டில் கலைந்த குளவி வெளிச்சத்தைத் தேடி வரும். வெளிச்சம் இருந்ததோ என் நெற்றியில். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். ஏணியை யார் பிடிப்பது? கொட்டின வீக்கம் சில நாளில் வற்றிவிட்டது. கணுக்கால் எலும்பு அந்தச் சீசனையே தின்றுவிட்டது.

இத்தனைக்கும் கூட்டை முன்கூட்டியே பார்த்து எடுப்பது பத்து நிமிட வேலை. கடுங்குளிர் அடிக்கும் இடங்களில் காகிதக் குளவியின் கூட்டம் குளிர் தொடங்கும்போதே செத்துப்போகும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் பலகை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் திரும்பியதும் பெரும்பாலும் ஒரே ஒரு ராணி மரநாரை மென்று, எச்சிலில் குழைத்து, ஒரு காம்பில் சில அறைகளைத் தொங்கவிடும். முதல் வேலைக்காரக் குளவிகள் வெளிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் போனால் எதிரே இருப்பது நாணயம் அளவு கூடும் ஒரு குளவியும். கோடை முடிவில் போனால் ஒரு பட்டாளம்.

“போன மாதம்கூடப் பார்த்தேனே” என்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்திருப்பார்கள். கதவு நிலை, சன்னல் சட்டத்தின் மேல்விளிம்பு, கூரை மூலை, நாற்காலியின் அடிப்பக்கம்: பகல் வெளிச்சத்தில் இவற்றைப் பார்த்தால்தான் பார்த்ததாக அர்த்தம். பழைய கூட்டில் அவை மறுபடி குடியேறுவது அரிது. ஆனால் இடம் பிடித்துப்போனால் பக்கத்திலேயே புதிதாகக் கட்டும். அதனால் சுரண்டி எடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல் இடுக்குகளையும் அடையுங்கள்.

உள்ளே நின்று ஸ்ப்ரே அடிப்பது

குளவிக்கும் உங்களுக்கும் ஒரே வாசல் என்றால் சண்டை யாருக்குச் சாதகம்? அந்தி சாய்ந்து குளிர்ந்தபின் பெரும்பாலானவை கூட்டில் இருக்கும்; அப்போது வெளியே தரையில் நின்று, தூரம் பீய்ச்சும் வகை ஸ்ப்ரேயால் அடியுங்கள். ஏணிமேல் நின்று அடிக்கவே வேண்டாம். தரையிலிருந்து எட்டாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். அடித்த கையோடு உள்ளே ஏறி அந்த நெடியைச் சுவாசிக்கவும் வேண்டாம்.

கூட்டில் பெட்ரோல் ஊற்றுவது

மூடிய பலகைப் பெட்டி, தரையோடு படியும் ஆவி. வேண்டாம்.

ஃபீடருக்குள் பூச்சிமருந்து

ஃபீடர் என்பது மானை வரவழைக்க, நேரம் பார்த்துத் தானாகத் தானியம் கொட்டும் கருவி. அந்தத் தானியத்தை மான் தின்னும், பறவை தின்னும், பிறகு அந்த மானை நீங்கள் தின்பீர்கள். ஃபீடரில் சோப்புத் தண்ணீர் போதும். குளவியின் சுவாசத் துளைகளை அது அடைத்துவிடும். தானியத்தையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

குளவிக்குப் பிடித்த இடம் டைமர் இருக்கும் பெட்டிதான். மழை படாது, ஒயர் போகும் ஓட்டையே வாசல். மூடியைத் திறக்குமுன் நீளமான கோலால் தட்டிவிட்டு விலகி நின்று பாருங்கள். அப்புறம் அந்த ஓட்டையை சிலிக்கான் வைத்து அடையுங்கள்.

மண்கூட்டைப் பார்த்துப் பயப்படுவது

மண்குளவி தனியாக வாழும், சிலந்தி பிடிக்கும், மனிதனை அரிதாகத்தான் கொட்டும். சுரண்டிப் போட்டால் முடிந்தது.

ஹீட்டர் குளவியை எழுப்பும் என்பதை மறப்பது

குளிரில் சூடேற்றினால், இடுக்கில் உறங்கும் ராணிகள் விழித்து மந்தமாக ஊர்ந்து வரும். கையுறையை உதறிவிட்டுப் போடுங்கள்.

கொட்டியபின் அங்கேயே உட்காருவது

தேனீயின் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும்; குளவியினுடையது அப்படியில்லை, மறுபடி மறுபடி கொட்டும். ஆகவே முதலில் இறங்குங்கள், ஏணியைப் பிடித்து. கொட்டிய இடம் தவிர மற்ற இடங்களில் தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்றால் அது அவசர சிகிச்சைக்குரியது. ஒவ்வாமைக்காக மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் அது சட்டைப்பையில் இருக்க வேண்டும். அதை வண்டியில் வைத்துவிட்டு ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.