லென்ஸில் ஃபங்கஸ், காலில் சேறு: வடசென்னையில் கேமராவோடு நடப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மழை விட்டதும் வலசைப் பறவைகள் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேரும். அதற்குக் கொஞ்ச நாள் பின்னாலேயே புதுக் கேமராக்களும் வந்து சேரும். டாக்டர் நடக்கச் சொன்னவர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை கேமரா வாங்கி அனுப்பியவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்ட இளைஞர்கள் என்று பல ரகம். வருவது நல்லதுதான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை மாறாமல் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொப்பி, தண்ணீர், சார்ஜ் ஏற்றிய பேட்டரி இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

பத்தடிக்கு ஒரு முறை நிற்பது

ரெட்டேரிக் கரையில் தினமும் பார்க்கலாம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார், பத்தடி வைப்பார், ஒரு நாமக்கோழி தெரியும், நிற்பார். அதைப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அழித்து, மறுபடி எடுத்து, இன்னும் பத்தடி வைப்பார். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போய் "இன்னிக்கு நல்ல வாக்கிங்" என்பார். அது வாக்கிங் இல்லை, நின்றுகொண்டு பொழுது போக்கியது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு உடம்பை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நின்று நின்று எடுத்த நேரமெல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. போகும்போது கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். கரையின் மறுமுனை வரை கைவீசி வேகமாக நடந்துவிடுங்கள். கண் மட்டும் வேலை செய்யட்டும்: முக்குளிப்பான் எந்தப் பக்கம், நீலத் தாழைக்கோழி எந்தக் கோரைப்புல்லில் என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது பையைத் திறங்கள். உடம்புக்கும் ஆச்சு, படமும் நன்றாக வரும். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அவசரப்பட மாட்டீர்கள்.

வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது

நம் ஊரில் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் பறவையெல்லாம் கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்டியதாகத்தான் வரும். எண்ணூரில் முகத்துவாரக்குப்பம் பக்கமாகப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி உள்நீரைப் பார்த்து நில்லுங்கள். வெளிச்சம் பறவையின் மேல் நேராக விழும். நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால் அப்போதுதான் சிவப்பாகவே தெரியும்.

கடற்கரையில் லென்ஸ் கழற்றுவது

வேண்டாம்.

சீசன் முடிந்ததும் பையை மூடி பீரோவில் வைப்பது

இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் இதே குறையோடு வந்து நிற்கிறார். எனக்கும் வருஷம் தவறாமல் எரிச்சல் வருகிறது.

போன கார்த்திகையில் தண்டையார்பேட்டைப் பையன் ஒருவன் தூரத்துப் பறவையை எடுக்கும் தன்னுடைய 70-300 லென்ஸைக் கொண்டுவந்தான். "சார், படமெல்லாம் புகை புடிச்ச மாதிரி வருது. ஃபோகஸ் போயிடுச்சா?" என்றான். முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சைப் பிடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், இழையிலிருந்து கிளை, கிளையிலிருந்து இன்னும் பொடிக்கிளை என்று அரச மரத்துக் கன்று சுவரில் வேர் விட்டதைப் போல இறங்கியிருந்தது. ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. எங்கே வைத்திருந்தாய் என்றேன். தோல் உறையில் போட்டு, அம்மாவின் பட்டுப்புடவை பீரோவில், அந்துருண்டையோடு பத்திரமாக வைத்திருந்தானாம். எப்போதிலிருந்து? மாசியில் பறவைகள் கிளம்பியதிலிருந்து.

சுத்தம் செய்ய ரிப்பேர் கடையில் அவனிடம் கேட்ட தொகை லென்ஸ் விலையில் ஏறத்தாழப் பாதி. அதைக் கொடுத்தாலும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது. ஃபங்கஸ் ஒருவித அமிலத்தைக் கசியவிடும், அது கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரித்துவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் துடைத்து எடுக்கலாம். ஒன்பது மாதம் வளரவிட்டால், இழையை எடுத்த பிறகும் தடம் அப்படியே நிற்கும். வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போதெல்லாம் அது படத்தில் புகையாக இறங்கும்.

ஃபங்கஸுக்கு வேண்டியது மூன்றே விஷயம்: ஈரம், இருட்டு, அசையாத காற்று. தின்பதற்குக் கண்ணாடி மேலிருக்கும் தூசியும் நம் விரல் எண்ணெயும் போதும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலே நீடித்தால் அது வளர ஆரம்பிக்கும். நம் ஊரில் மழைக்காலக் காலைகளில் 80 என்பது சாதாரணம். அதிலும் திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் கடலை ஒட்டி வீடு என்றால் கேட்கவே வேண்டாம், ஜன்னல் கம்பியே எத்தனை வருஷம் தாங்குகிறது என்று பாருங்கள். இந்த ஊரில் தோல் உறைக்குள், மூடிய பைக்குள், பீரோவுக்குள் கேமராவை வைப்பது ஃபங்கஸுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுப்பது. தோலும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்துருண்டையை நம்பி லென்ஸை வைக்க முடியாது.

செலவு பெரிதாக இல்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், கூடவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். ரொம்பவும் கீழே இறக்கிவிடாதீர்கள், ரப்பரும் கிரீஸும் காய்ந்துபோகும். நீலமாக இருந்த சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால், அல்லது ஆரஞ்சு பச்சையானால், அது குடிக்க வேண்டிய ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் நிறம் திரும்பிவிடும். ஆறவிட்டுப் போடுங்கள், சூட்டோடு போடாதீர்கள். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள். நீல மணியில் கோபால்ட் உண்டு, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. லென்ஸ் இரண்டு மூன்று சேர்ந்துவிட்டால் ஈரத்தைத் தானே குறைத்து வைக்கும், மின்சாரத்தில் ஓடும் டிரை கேபினெட் வாங்கிவிடலாம்.

அரிசி டப்பாவில் புதைக்கும் வைத்தியம் இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. மாவுத்தூள்தான் உள்ளே போகும். மொட்டைமாடி வெயிலில் மணிக்கணக்காக வைத்துக் காயப்போடுவதும் வேண்டாம். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்களில் இறங்கினால் அது வேறு செலவு.

உப்பு தனிக் கதை. கடல் காற்றில் இரண்டு மணி நேரம் நின்ற கேமரா மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சட்டை நுனியால் பளபளவென்று துடைப்பார்கள் பாருங்கள், அங்கேதான் கீறல் விழுகிறது. முதலில் புளோயரால் ஊதி மணலைப் போக்குங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் உடம்பை மட்டும் ஒற்றித் துடையுங்கள். கண்ணாடிக்கு அதற்கென்று உள்ள துணி. டிரைபாட் காலைக் குழாயடியில் கழுவிக் காயவிடாவிட்டால், அடுத்த மாதம் அதை இழுத்து நீட்ட ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

சரி, இவ்வளவும் செய்தால் போதுமா என்றால், இதைவிட நல்ல வைத்தியம் ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு ஒரு முறை கேமராவை வெளியே எடுத்துக்கொண்டு நடப்பது. வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டே இருக்கும் லென்ஸில் ஃபங்கஸ் சுலபமாக வேர் பிடிக்காது. என் எரிச்சலுக்குக் காரணம் லென்ஸ் மட்டுமில்லை. பூநாரை வந்திருக்கிறது என்று பழவேற்காட்டுக்கு ஓடி, மாசியோடு பையை மூடி, அடுத்த மார்கழி வரை சோபாவில் சாய்கிறவர்களுக்கு லென்ஸில் ஃபங்கஸ், முழங்காலில் பிடிப்பு என்று இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. அந்தப் பையனுக்கும் மூச்சு வாங்குகிறது, வயது முப்பதுகூட இல்லை.

வருஷம் முழுக்கப் போகிற மாதிரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தடம் பிடியுங்கள். கொளத்தூர்க்காரருக்கு ரெட்டேரி, செங்குன்றத்துக்காரருக்குப் புழல். ராயபுரத்தில் இருந்தால் 1856-இல் திறந்த ரயில் நிலையத்தின் தூண்களைச் சுற்றிவரலாம், பறவைதான் வேண்டும் என்றில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவி, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுப்பாக நின்றன அல்லவா? முன்பு அந்தக் கரை எப்படி இருந்தது என்று காட்ட, மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர்களிடம்தான் படம் இருந்தது.

ஏசி அறையில் கேமராவை வைத்துவிட்டு விடியற்காலை கிளம்புவது

வெளியே எடுத்ததும் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும், அது போவதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும். முந்தின இரவே ஹாலுக்கு மாற்றிவிடுங்கள்.

பறவையைக் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பது

கல் எறிவது, கை தட்டுவது, செல்போனில் குரல் போட்டு வரவழைப்பது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடும் உள்ளானை, ஒரு படத்துக்காக எழுப்பிவிடுகிறவரோடு நான் நடப்பதில்லை. அவ்வளவுதான்.

தடைக்காலத்தில் காசிமேட்டை மறப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. "ஒன்னும் இல்ல சார் அங்க" என்று திரும்பி வருகிறார்கள். எனக்குப் பிடித்த மாதங்களே அவைதான். படகெல்லாம் கரையோரம் நெருக்கியடித்து நிற்கும். ஒருவர் பலகையைச் சுரண்டுவார், ஒருவர் பெயிண்ட் அடிப்பார், நிழலில் நாலு பேர் உட்கார்ந்து வலை பின்னுவார்கள். ஃபைபர் படகுகள் போய்வருவதால் மீனும் கொஞ்சம் இருக்கும். மற்ற மாதங்களில் விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். அப்போது கூடை தூக்கி வருகிறவர் வழியில் குனிந்து நின்று ஃபிரேம் பார்க்காதீர்கள், ஐஸ் தண்ணீரோடு வசவும் விழும். முகத்தைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

துறைமுகம், மின் நிலையம், எண்ணெய்க் கிடங்கு மதில் பக்கம் லென்ஸைத் திருப்புவது

காவலுக்கு நிற்பவரோடு வாக்குவாதம் செய்து எந்தப் படமும் கிடைக்கப் போவதில்லை.

எண்ணூர் விரைவுச் சாலையில் நடப்பது

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கழுத்தில் கேமராவோடு நடக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்குங்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை வருகிறது.

கேட்காமல் சேற்றில் இறங்குவது

தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் சேற்றுத் திட்டு தெரியும், அதில்தான் பறவை மேயும். அதைப் பார்த்ததும் கால் பரபரக்கும். ஆனால் ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறுவதும் இறங்குவதும் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். போன ஞாயிறு காலை 7 மணிக்குத் தரையாக இருந்த இடம் இந்த ஞாயிறும் தரையாக இருக்கும் என்று நம்பி உள்ளே போனவர்கள், பையைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும், ஆளி ஓடு பாதத்தைக் கிழிக்கும். காட்டுக்குப்பத்தில் இறால் பிடிக்கிறவர் யாராவது கரையில் இருப்பார், அவரைக் கேளுங்கள். "சார், இப்டிக்கா போ. அங்க எறங்காத, இட்டுனு பூடும்" என்று அவர் சொன்னால், எறங்காதே என்ற இடத்தில் எவ்வளவு அழகான பறவை நின்றாலும் இறங்காதீர்கள். அவர் காட்டிய பக்கமாகப் போய், கேன்வாஸ் ஷூவோடு, கரையிலிருந்தே எடுங்கள்.