படம் வரலன்னா உடனே போர்டு மாத்தாதீங்க: ஹோம் தியேட்டர்ல எல்லாரும் பண்ற தவறுகள்

போன மாசம் சித்தப்பா போன் பண்ணாரு. "புரொஜெக்டர் போச்சுடா, படம் வருது, ரெண்டு நிமிஷத்துல கருப்பாயிடுது, அப்புறம் தானா வருது, கடைக்காரர் மெயின் போர்டு மாத்தணும்ங்கறாரு, 14,000 கேக்குறாரு, குடுத்துரட்டுமா"ன்னு. கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்னு சொல்லிட்டு போய் பாத்தா புரொஜெக்டர் நல்லாத்தான் இருக்கு. பழைய 1080பி பாக்ஸ எடுத்துட்டு புதுசா ஒரு 4கே ஸ்டிக் (நெட்ல வர்ற படத்த ஓட்டுற சின்ன ஸ்ட்ரீமிங் குச்சி) மாட்டியிருக்காங்க, ஆனா சுவத்துக்குள்ள பைப்ல ஓடுற 12 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் 2014ல வீடு கட்டும்போது போட்டது. ஸ்டிக்கோட டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல போய் ரெசல்யூஷன 1080பின்னு மாத்தி வச்சேன், முழுப் படம் ஓடி முடிஞ்சுது, ஒரு தடவகூட கட் ஆகல. 14,000 ரூபா மிச்சம்.

இந்த மாதிரி வீட்டுக்கு வீடு நடக்குது, அதான் எழுதுறேன். படம் வரலன்னா கோளாறு டிவிலதான்னு நம்ம மனசு முடிவு பண்ணிடுது. உண்மைல படம் ஒரு சங்கிலில நடந்து வருது, ஸ்டிக்கோ செட்டாப் பாக்ஸோ அனுப்புது, ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களுக்கு சவுண்ட பிரிச்சுக் குடுக்கிற பெட்டி, வாங்கி கடத்துது, கேபிள் கொண்டு போகுது, டிவி காட்டுது. இதுல எந்தக் கண்ணி அறுந்துச்சுன்னு தெரியாம எதையும் மாத்தாதீங்க.

முதல் தவறே இதுதான், எல்லாத்தையும் ஒரே நேரத்துல நோண்டுறது. கேபிள கழட்டி வேற போர்ட்ல சொருகி, ரிசீவர ரீசெட் பண்ணி, டிவி செட்டிங்ஸயும் மாத்தி, கடைசில படம் வந்தாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாது, அடுத்த வாரம் மறுபடி போச்சுன்னா திரும்ப மொதல்ல இருந்து. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். ரிசீவர நடுவுல இருந்து எடுத்துட்டு ஸ்டிக்க நேரா டிவில சொருகுங்க. படம் கட் ஆகாம ஓடுதா? அப்போ டிவியும் ஸ்டிக்கும் நல்லாருக்கு, கோளாறு ரிசீவர்லயோ அதுக்குப் போற கேபிள்லயோ இருக்கு. இதுக்குன்னே நல்லா வேலை செய்யுற சின்ன கேபிள் ஒண்ணு தனியா வச்சுக்கங்க. பிஎஸ்5 கேம் கன்சோல் பெட்டிக்குள்ள வர்ற கேபிள் அல்ட்ரா ஹை ஸ்பீட் வகை, வீட்ல இருந்தா அதுவே போதும்.

அடுத்தது, ஸ்கிரீன்ல தெரியுறத சரியா பாக்காம "படம் வரல"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிடுறது. எப்படி வரலங்கறதுல தான் பாதி விடை இருக்கு. படத்து மேல வெள்ளப் பொட்டு பொட்டா மின்னுது, இல்ல ஒரு செகண்ட் கருப்பாகி திரும்ப வருதுன்னா பெரும்பாலும் கேபிள் வழியா டேட்டா முழுசா போய்ச் சேரல. பழைய ஆன்டெனா டிவி மாதிரி ஸ்கிரீன் பூரா புள்ளி இரைச்சலா வருதுன்னா அது ஹெச்டிசிபி, அதாவது காப்பி அடிக்காம இருக்க போட்ட பூட்டு, ரெண்டு பக்கமும் சாவி ஒத்துப்போகல. படம் முழுக்க பிங்க்கும் பச்சையுமா இருந்தா ஒரு பக்கம் அனுப்புற கலர் வகைய இன்னொரு பக்கம் தப்பா எடுத்துக்குது, இல்ல பின் சரியா ஒட்டல. ஆரம்பத்துல இருந்தே நோ சிக்னல் மட்டும் வந்தா மொதல்ல ரிமோட்ல சரியான இன்புட் இருக்கான்னு பாருங்க, இத சொன்னா சில பேருக்கு கோவம் வருது, ஆனா நான் போய்ப் பாத்த வீடுகள்ல இதுவும் நடந்திருக்கு.

டிஜிட்டல்னா ஒண்ணு வரும் இல்லன்னா வராதுன்னு சொல்லுவாங்க, அது முழு உண்மை இல்ல. நடுவுல ஒரு விளிம்பு இருக்கு, அந்த விளிம்புல நிக்கும்போதுதான் இந்தப் பொட்டும் கண்சிமிட்டலும். 1080பி 60 ஹெர்ட்ஸ்க்கு, அதாவது செகண்டுக்கு 60 படம் காட்ட, செகண்டுக்கு சுமார் 4.5 கிகாபிட் போதும், 4கே 30க்கு கிட்டத்தட்ட 9, 4கே 60க்கு கிட்டத்தட்ட 18. சித்தப்பா வீட்டு கேபிள் 4.5அ தாங்குச்சு, 18அ தாங்கல. அதனாலதான் எந்தப் பிரச்சனைன்னாலும் முதல்ல ரெசல்யூஷன 1080பிக்கு இறக்கிப் பாக்கச் சொல்றேன், காசு செலவில்லாத சோதனை. இறக்குனதும் பிரச்சனை நின்னுடுச்சுன்னா கேபிள் பக்கம் போங்க, இறக்கியும் அதே மாதிரி இருந்தா கரண்ட், பின், பூட்டு இதுங்க பக்கம் போங்க.

கேபிள் வாங்குறதுல நடக்குற தப்பு கொஞ்சம் பெருசு. பாக்கெட்ல 2.1ன்னு போட்டிருக்கு, தங்க முலாம்னு போட்டிருக்குன்னு வாங்குறாங்க. கேபிளுக்கு வெர்ஷன் நம்பர்னு ஒண்ணு அதிகாரபூர்வமா கிடையாது, வெர்ஷன் எல்லாம் டிவி, ரிசீவருக்குத்தான். கேபிளுக்கு இருக்கிறது வகைப் பேரு. பிரீமியம் ஹை ஸ்பீட்னா 18 கிகாபிட், அல்ட்ரா ஹை ஸ்பீட்னா 48. அல்ட்ரா வகைன்னா பாக்கெட்ல ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், அதுல இருக்கிற க்யூஆர் கோட அதுக்கான ஆப்ல ஸ்கேன் பண்ணா அசலா போலியான்னு காட்டும். தாங்குற கேபிளா இருந்தா போதும், அதுக்கு மேல விலை குடுத்தா கலர் கூடாது, படம் கூர்மையாவும் ஆகாது.

அப்புறம் நீளம். சாதா செம்புக் கம்பி கேபிள்ல 18 கிகாபிட்ட 5 மீட்டர் வரைக்கும் நம்பலாம், 48னா 3 மீட்டர் தாண்டினாலே யோசிக்கணும். புரொஜெக்டர் வச்சவங்களுக்கு 10, 15 மீட்டர் வேணும், அதுக்கு உள்ள கண்ணாடி இழை ஓடுற ஆப்டிகல் கேபிள் தான் வழி. அதுக்கு திசை இருக்கு, ஒரு தலைல சோர்ஸ்னும் இன்னொரு தலைல டிஸ்ப்ளேன்னும் எழுதியிருக்கும், மாத்தி சொருகினா ஒண்ணும் வராது, கேபிள் டெட்டுன்னு கடைல போய் சண்டை போடுவோம். பைப்புக்குள்ள இழுக்குறதுக்கு முன்னாடி தரைல விரிச்சு போட்டு ஒரு மணி நேரம் படம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் இழுங்க, தயவுசெஞ்சு. இப்போ வீடு கட்டுறவங்க யாராவது படிச்சா, எலக்ட்ரீசியன்கிட்ட பெரிய பைப்பா போடச் சொல்லுங்க, வளைவு 90 டிகிரி எல்போவா இல்லாம நீளமா வளையட்டும், உள்ள ஒரு நைலான் கயிறு விட்டு வைங்க. சுவத்துக்குள்ள எந்த கேபிளும் நிரந்தரம் இல்ல, பைப்பு தான் நிரந்தரம்.

நல்ல கேபிளும் போட்டாச்சு, அப்பவும் ஹெச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் இன்னும் நல்லா பிரிஞ்சு தெரியுற படம்) வரலன்னா டிவி செட்டிங்ஸ பாருங்க. நிறைய டிவில ஹெச்டிஎம்ஐ போர்ட் சாதாரண வேகத்துல தான் செட் ஆகியிருக்கும், நாமதான் தொறந்து விடணும். சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜில ஹெச்டிஎம்ஐ அல்ட்ரா ஹெச்டி டீப் கலர், சோனில ஹெச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டுக்குள்ள என்ஹான்ஸ்டுன்னு இருக்கும். போர்ட்டுக்கு போர்ட் தனியா பண்ணணும். பழைய பாக்ஸ் மாட்டுன போர்ட்ல இத ஆன் பண்ணா சில சமயம் படமே போயிடும், அங்க மட்டும் பழையபடி விட்டுடுங்க.

ரிமோட்ல ஆஃப் பண்ணி ஆன் பண்றத ரீஸ்டார்ட்னு நினைக்கிறதும் தப்பு. ஸ்டாண்ட்பைல இருக்கும்போது உள்ள பாதி உயிரோடதான் இருக்கு. ஹெச்டிஎம்ஐல சொருகுன உடனே டிவி "நான் இன்னது, இந்த ரெசல்யூஷன் தாங்குவேன், இந்த சவுண்டு தாங்குவேன்"னு ஒரு சீட்டு குடுக்கும், அதுக்குப் பேரு இடிஐடி. அதப் படிச்சுட்டுத்தான் ஸ்டிக் எத அனுப்பலாம்னு முடிவு பண்ணுது. நடுவுல ரிசீவர் இருந்தா அது தன்னோட தகுதியயும் அதுல சேத்து எழுதுது. இந்த சீட்டு பழசாவோ அரைகுறையாவோ போய்ச் சேந்துச்சுன்னா நாள் பூரா கருப்பு ஸ்கிரீன் தான். எல்லாத்தையும் சுவத்து ஸ்விட்ச்ல ஆஃப் பண்ணி, பிளக்க உருவி, 5 நிமிஷம் விட்டுட்டு, முதல்ல டிவி, அப்புறம் ரிசீவர், கடைசில ஸ்டிக்னு வரிசையா ஆன் பண்ணுங்க.

ரிசீவர் 2014க்கு முன்னாடி வாங்கினதுன்னா அதுல ஹெச்டிசிபி 2.2 இருக்காது. 4கே ஓடிடி படம் அது வழியா போனா 1080பியா இறங்கும், இல்ல கருப்பாயிடும். அதுக்காக நல்ல ரிசீவர தூக்கிப் போட வேணாம். ஸ்டிக்க நேரா டிவில மாட்டி, ஆர்க்னு எழுதியிருக்கிற போர்ட்ல இருந்து சவுண்ட மட்டும் ரிசீவருக்கு திருப்பி அனுப்புங்க, ரிசீவர் பக்கமும் ஆர்க் இருக்கணும். ஓடிடில வர்ற டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கற சவுண்டு வகை வரைக்கும் ஆர்க்ல போகும், ரிசீவரும் டிவியும் அத ஏத்துக்கணும் அவ்ளோதான்.

புது ரிசீவர்னா தப்பே இருக்காதுன்னும் இல்ல. 2020ல வந்த சில டெனான், மரான்ட்ஸ், யமஹா மாடல்கள்ல ஹெச்டிஎம்ஐ சிப்லயே கோளாறு, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கேம் கன்சோல்ல 4கே 120 ஹெர்ட்ஸ் வச்சா கருப்பு ஸ்கிரீன். அப்போ கேபிள் கேபிளா மாத்திப் பாத்தவங்க எத்தனையோ பேரு. கேபிள் மேல பழிய போடுறதுக்கு முன்னாடி நேரா டிவில மாட்டிப் பாக்கச் சொல்றது இதுக்குத்தான்.

ஸ்டிக்க டிவியோட யூஎஸ்பில இருந்து ஓட்டாதீங்க. டிவியோட யூஎஸ்பி 2.0 போர்ட் தர்றது 500 மில்லிஆம்பியர் தான், ஸ்டிக்கோட வர்ற அடாப்டர் பொதுவா அதுல ரெண்டு மடங்கு தரும். பத்தலன்னா படம் நடுவுல ரீஸ்டார்ட் ஆகும், நாம சிக்னல் பிரச்சனைன்னு தேடிட்டு இருப்போம்.

படம் ஆரம்பிக்கும்போது ரெண்டு மூணு செகண்ட் கருப்பாறது கோளாறு இல்ல, 60 ஹெர்ட்ஸ்ல இருந்து சினிமாவோட 24க்கு டிவி மாறுது, டிடிஹெச்சுக்கு மாறும்போது 50க்கு போறதும் இதே மாதிரிதான்.

கடைசியா ஒண்ணு, இத மட்டும் அலட்சியமா எடுத்துக்காதீங்க. கரண்ட் ஓடும்போது ஹெச்டிஎம்ஐ கேபிள உருவி சொருகாதீங்க. நம்ம ஊர்ல நிறைய வீட்ல டிவி பிளக்குக்கு எர்த் சரியா இல்ல, பாக்ஸோட மெட்டல்ல கை வச்சா சுர்ருன்னு இழுக்குதுல்ல, அந்த வோல்டேஜ் சொருகுற நேரத்துல ஹெச்டிஎம்ஐ சிப்புக்குள்ள பாஞ்சா போர்ட் போச்சு. இடி மழைக்கு எல்லாரும் பிளக்க மட்டும் உருவுறாங்க, டிஷ்ல இருந்து வர்ற ஒயர விட்டுடுறாங்க, மின்னல் அது வழியா செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து ரிசீவர், டிவின்னு வரிசையா கொளுத்திட்டு போயிருக்கு. வானம் இருட்டும்போதே அந்த ஒயரயும் கழட்டிடுங்க, இடி ஆரம்பிச்சுட்டா கிட்ட போகாதீங்க.

சித்தப்பா வீட்டுக்கு அடுத்த ஞாயிறே 15 மீட்டர் ஆப்டிகல் கேபிள் வாங்கிட்டுப் போனோம். ஹால்ல விரிச்சு ஓட்டிப் பாத்துட்டு, பழைய கேபிளோட முனைல கட்டி, தம்பி அந்தப் பக்கம் தள்ள நான் இந்தப் பக்கம் இழுக்க, ரெண்டு எடத்துல மாட்டி மாட்டி ஒருவழியா வந்துருச்சு. டிஸ்ப்ளேன்னு எழுதுன தலை புரொஜெக்டர் பக்கம். போர்டுக்கு கேட்ட காசுல பாதிகூட ஆகல, ஸ்டிக்க திரும்ப 4கேல வச்சாச்சு, இன்னைக்கு வரைக்கும் ஒரு பொட்டு மின்னல.