கவுட் வந்தா கொள்ளுப்பருப்பை மட்டும் திட்டாதீங்க, குடும்பத்தையும் பாருங்க

எங்க மாமாவுக்கு, அம்மாகூடப் பொறந்தவரு, கோபி பக்கம் தோட்டம், ஒரு நாள் நடுராத்திரி கால் கட்டவெரலு மூட்டு திடீர்னு வீங்கிப்போச்சுங்க. தோலு செக்கச்செவேல்னு பளபளங்குது, போர்வை லேசா பட்டாலே கத்தறாரு. விடிஞ்சதும் அத்தை சொன்ன மொத வார்த்தை, "கொள்ளுப்பருப்பு தின்னதுதான் வாயுவா எறங்கிருச்சு". ஆனா இதே வெரலுல அப்புச்சிக்கும், அதாவது அம்மாவோட அப்பாவுக்கும், இருந்துச்சு, பெரிய மாமாவுக்கும் இருக்குது, அதை ஒருத்தரும் யோசிக்கல.

மொத தப்பே அதுதான், பழி முழுக்க சாப்பாட்டு மேல போடறது. ரத்தத்துல யூரிக் ஆசிட்ங்கற கழிவு கூடி, மூட்டுல படிகமா படிஞ்சு வீங்கறதுதான் கவுட். அந்த யூரிக் ஆசிட் கறி, மீன்ல இருந்து மட்டும் வரதில்லைங்க, நம்ம உடம்பு செல்லு அழியறப்பவும் உருவாகுது. அதை உடைக்கற யூரிகேஸ் என்சைம் நாயி, எலிக்கெல்லாம் இருக்குது, மனுசனுக்கு இல்ல, அதனால வெளிய தள்ளித்தான் ஆகணும், மூணுல ரெண்டு பங்கு கிட்னி வழியா, மீதி பெரும்பாலும் குடல் வழியா. இந்தத் தள்ளற வேலையில எஸ்எல்சி2ஏ9, ஏபிசிஜி2னு ரெண்டு ஜீனுக்குப் பெரிய பங்கு. அதுல சின்ன மாத்தம் இருந்தா மடை அடைச்ச வாய்க்கா மாதிரி உள்ளயே தேங்கும். 2018ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, யூரிக் ஆசிட் ஆளுக்கு ஆள் மாறறதுல ஜீன் வித்தியாசம் 24 சதவீதம் கிட்ட விளக்குது, எந்த ஒரு சாப்பாட்டுப் பொருளும் தனியா 1 சதவீதம்கூட இல்ல. பருப்பு, பயறு தின்னா கவுட் கூடுதுன்னும் பெரிய ஆய்வுகள்ல வரல.

அதுக்காக "பரம்பரை, விதி"ன்னு விட்டுடறதும் தப்புங்க. பீரு, சர்க்கரை போட்ட கூல்ட்ரிங்ஸ், உடல் எடை, வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்யறது, பிரஷருக்குக் குடுக்கற சில நீர் மாத்திரை, எல்லாமே ஏத்தி விடும்.

வலி உச்சத்துல இருக்கறப்ப ரத்தத்துல யூரிக் ஆசிட் டெஸ்ட் எடுத்து, "நார்மல், கவுட் இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. அந்த நேரத்துல அளவு கொறைஞ்சு காட்டும், வலி அடங்கி ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். ஒரு தடவகூட வலியே வராதவங்க ரிப்போர்ட்ல யூரிக் ஆசிட் 7.5 (mg/dL) இருக்குதுன்னு தானா மாத்திரை போடறதும் வேண்டாம், அளவு கூட இருக்கற பலபேருக்குக் கவுட் வரதே இல்ல.

பக்கத்துத் தோட்டத்துக்காரரு அலோபியூரினால்ங்கற, யூரிக் ஆசிட்டக் கொறைக்கற மாத்திரை அட்டையக் குடுத்தா வாங்காதீங்க, இதுலயும் ஜீன் இருக்குது. எச்எல்ஏ-பி 58:01ங்கற ஜீன் வகை இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரை தோல உரிச்சு உசுருக்கே ஆபத்தாகலாம், அதனாலதான் டாக்டருங்க 100 மில்லிகிராம் இல்ல அதுக்கும் கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தறாங்க. தடிப்பு, வாய்ப்புண்ணு வந்தா ஒடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஒத்துக்கிட்டா வலி போச்சுன்னு நடுவுல விடக்கூடாது, யூரிக் ஆசிட் அளவு 6க்குக் கீழயே நிக்கணும், அப்பத்தான் மூட்டுல படிஞ்ச படிகம் கரையும்.

பொம்பளைங்களுக்கு வராதுன்னு நெனைக்கறதும் சரியில்லைங்க, அதுவரைக்கும் யூரிக் ஆசிட்டக் கொறைச்சு வச்சிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் காவல் மாதவிடாய் நின்னப்பறம் போயிடும். அம்மா ஆறு மாசமா "சுளுக்கு"ன்னு தைலம் தேச்சுட்டு இருந்தாங்க, போன வாரம்தான் கூட்டிட்டுப் போனோம், அப்புச்சி, ரெண்டு மாமா கதையவும் டாக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன்.