கணினிக் கடிகாரத்தில் நாள் முதலில், கிழமையும் கூடவே: போனில் சொல்லிக்கொடுத்த செய்முறை

சித்தப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம். கடைக்கு ஒரு பழைய கணினி வாங்கிப் போட்டார், விண்டோஸ் 10. ரெண்டாம் நாளே போன் வந்தது. "டேய், இன்னிக்கு மே நாலு. இது 5/4ங்குது. ஒரு மாசம் பின்னாடி நிக்கிதுடா!"

பின்னாடி நிற்கவில்லை. அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைத்து மே 4 என்றுதான் சொல்கிறது. நான் வெளியூரில் இருப்பதால் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 11லும் இதே பெட்டிகள்தான்.

முதலில் நேரம் சரியா என்று பாருங்கள். கீழே வலது மூலையில் உள்ள கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' வரும். அதில் டைம் ஜோன், சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்று எழுதிய +05:30 ஆக இருக்கவேண்டும். மாற்ற முடியாமல் மங்கலாக இருந்தால், தானாக நேர மண்டலம் அமைக்கும் பொத்தானை அணைத்துவிட்டு மாற்றுங்கள். நெட் இருந்தால் 'சின்க் நவ்' அழுத்துங்கள். கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் நேரம் பழையபடி தப்பினால், மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சிஆர் 2032, 3 வோல்ட்.

இனி தேதி. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே ஆர் தட்டினால் ரன் பெட்டி திறக்கும். அதில் இடைவெளி விடாமல் ஐ, என், டி, எல், ஒரு புள்ளி, சி, பி, எல் (intl.cpl) என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'ரீஜியன்' பெட்டி வரும். மேலே உள்ள பட்டியலில் 'இங்கிலீஷ் (இந்தியா)' தேர்ந்து அப்ளை கொடுத்தாலே நாள் முன்னால் வந்துவிடும். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

சித்தப்பாவுக்குப் போதவில்லை. "கிழமை வேணும்டா. ராகுகாலம் பாக்காம சரக்குக்கு அட்வான்ஸ் குடுக்க முடியுமா?" நியாயம்தான். திங்கள் என்றால் ஏழரையிலிருந்து ஒன்பது, சனி என்றால் ஒன்பதிலிருந்து பத்தரை. கிழமை தெரியாமல் அதைக் கணக்கிட முடியாது.

அதே பெட்டியின் அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' இருக்கிறது. உள்ளே 'டேட்' என்ற தாவலில் 'ஷார்ட் டேட்' என்று ஒரு கட்டம். கடிகாரத்துக்குக் கீழே தெரிவது இதுதான். பட்டியலில் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை, நாமே அடிக்கலாம். சின்ன டி (d) இரண்டு போட்டால் நாள், மூன்று போட்டால் சுருக்கக் கிழமை, நான்கு போட்டால் முழுக் கிழமை. கேப்பிடல் எம் இரண்டு போட்டால் மாத எண், மூன்று போட்டால் மாதப் பெயரின் சுருக்கம். சின்ன ஒய் நான்கு போட்டால் 2025 மாதிரி முழு ஆண்டு. சித்தப்பாவை அடிக்கச் சொன்னது: டி மூன்று, இடைவெளி, டி இரண்டு, சின்னக் கோடு, கேப்பிடல் எம் இரண்டு, சின்னக் கோடு, ஒய் நான்கு. எம் மட்டும் கேப்பிடலாக இருக்கட்டும்; சின்ன எம் நிமிடத்துக்கு உரியது. போனில் சொல்லும்போது நாலு தடவை தப்பியது இந்த இடத்தில்தான்.

அப்ளை கொடுத்ததும் கிழமை வந்தது. மறுநாள் காலையில் பில் போடும் மென்பொருள் திறக்க மறுத்தது. பழைய மென்பொருள்கள் சில, தேதியை இந்தக் கட்டத்திலிருந்தே படிக்கும். நடுவில் எழுத்தைக் கண்டால் குழம்பிவிடும். ஆகவே பில், ஸ்டாக் கணக்கு ஓடும் கணினியில் ஷார்ட் டேட்டை வெறும் எண்ணாகவே விடுங்கள். கிழமையை 'லாங் டேட்' கட்டத்தில் போட்டுக்கொண்டால், கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தவுடன் தெரியும். சித்தப்பாவும் கடைசியில் இதற்குத்தான் இறங்கி வந்தார்.

எக்செல் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். வடிவத்தை மாற்றினால் பழைய தப்பு திருந்தாது. அமெரிக்க முறை இருந்தபோது ஏப்ரல் 5 என்று நினைத்து 5/4 அடித்திருந்தால், எக்செல் அதை மே 4 என்றே சேமித்திருக்கும். இப்போது 04-05 என்று காட்டும். 12க்கு மேற்பட்ட நாள்களை அது தேதியாகவே ஏற்றிருக்காது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டிக் கிடக்கும். ஒரே நெடுவரிசையில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் உஷாராகுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துவதைத் தவிர நான் வேறு வழி தேடவில்லை. சித்தப்பா கடையில் அது நாற்பது வரிதான்.

தமிழில் வேண்டுமா? 'ரீஜியன்' பட்டியலில் 'தமிழ் (இந்தியா)' தேர்ந்தால் கிழமையும் மாதமும் தமிழில் வரும். ஆனால் ஏப்ரல் என்று தமிழ் எழுத்தில் எழுதுமே தவிர, சித்திரை 1 என்று காட்டாது. ஆடி, சித்திரை, மாசி என்று வீதிகளுக்கே மாதப் பெயர் வைத்த ஊரில் இது ஒரு குறைதான். அதற்குச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையே நம்புங்கள். பட்டியலை மாற்றினால் நாம் கையால் அடித்த வடிவம் அழிந்துவிடும், எனவே மொழியை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள்.

'டைம்' தாவலில் சின்ன எச் 12 மணி முறை, கேப்பிடல் எச் 24 மணி முறை. 'ஏஎம் சிம்பல்', 'பிஎம் சிம்பல்' கட்டங்களில் காலை, மாலை என்று நாமே அடிக்கலாம். பகல் 1 மணியையும் 'மாலை' என்றுதான் சொல்லும், கண்டுகொள்ளாதீர்கள்.

கடைசியாக, சித்தப்பா மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கன்ட்ரோல் பேனலில் 'டேட் அண்ட் டைம்' திறந்து 'அடிஷனல் க்ளாக்ஸ்' தாவலுக்குப் போனால் இரண்டு கடிகாரம் கூடுதலாக வைக்கலாம். முதல் கட்டத்தில் டிக் அடித்து, 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' தேர்ந்து, பக்கத்தில் ஒரு பெயர் கொடுத்து ஓகே. நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். சித்தப்பா கடை அடைத்துவிட்டு ஒன்பதரைக்குக் கூப்பிடுவார், அங்கே நள்ளிரவு. "அதான் அவன் தூக்கக் கலக்கத்துலயே பேசுறானா?" என்றார்.