பங்காளிகள் குழுவில் பதில் போடும் முன்

செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றும் செலவு, வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில்) யாருக்கு எந்த அறை என்று வாட்ஸ்அப்பில் பேச்சு சூடாகும்போது, எழுதியதை அனுப்பாமல் 10 மூச்சு விடுங்கள்.

பிறகு, புத்தர் நல்ல பேச்சுக்குச் சொன்ன ஐந்தையும் பாருங்கள்: நேரம் சரியா, உண்மையா, மென்மையா, பயனுள்ளதா, அன்போடு சொல்கிறோமா? பெரும்பாலும் கோட்டை விடுவது நேரத்தில்தான். கணக்கு சரியாகவே இருக்கும். ராத்திரி 11 மணிக்கு எல்லோர் முன்னாலும் கேட்டால் அது மானப் பிரச்சினையாகிவிடும். காலையில் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ரசீதை ஒருதரம் சேர்ந்து பார்ப்போமா?" என்று கேளுங்கள்.

மைத்திரி தியானம் (தனக்கும் பிறருக்கும் நலம் வேண்டி மனதுக்குள் வாழ்த்தும் பௌத்தத் தியானம்) செய்பவர்கள் எடுத்த எடுப்பில் சண்டைக்காரரை நினைக்க வேண்டாம், எரிச்சல்தான் கூடும். முதலில் தனக்கு, அடுத்து நல்லது செய்த ஆச்சிக்கு, பிறகு அதிகம் பழகாத ஒருவருக்கு. மனம் இளகிய பின்பே அந்தப் பங்காளிக்கு.