விரிதாள் திறக்க அரை நிமிடம்: காரணம் பிரிண்டர்

அலுவலகக் கணினியில் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்) திறக்க அரை நிமிடம் பிடித்தது. வேகச் சோதனை மென்பொருளிலோ பிராசசருக்கும் எஸ்எஸ்டிக்கும் நல்ல மதிப்பெண். ரேம் கூட்டியும் பலனில்லை.

அப்புறம் ஸ்டாப்வாட்சில், ஐகானைச் சொடுக்கியதிலிருந்து கட்டத்தில் எழுத்து விழும்வரை அளந்தேன். ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்த பிறகுதான். ஒருமுறை திறந்த கோப்புகள் நினைவகத்தில் தங்கிவிடுவதால் இரண்டாம் அளவை நம்ப முடியாது. விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (கணினியைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் வசதி) இருந்தால் ஷட்டவுன் போதாது, விண்டோஸின் மையப் பகுதியான கர்னலை டிஸ்க்கில் சேமித்து அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

காத்திருந்த நேரம் முழுக்க டாஸ்க் மேனேஜரில் சிபியு, டிஸ்க் இரண்டும் சும்மா கிடந்தன. சரி, வேறெதற்கோ காத்திருக்கிறது என்று நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன். உடனே திறந்தது! எப்போதோ அகற்றிய நெட்வொர்க் பிரிண்டர் இன்னும் டீஃபால்ட்டாக இருந்திருக்கிறது. விரிதாள் மென்பொருள் பக்க அமைப்புக்காக அதைத் தேடியிருக்கிறது. பிடிஎஃப் பிரிண்டரை டீஃபால்ட்டாக்கினேன்; இப்போது மூன்று விநாடி. பெரிய நிம்மதி. டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கட்டும் என்ற டிக்கையும் நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் அது டீஃபால்ட்டை மறுபடி மாற்றிவிடலாம்.