குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்: அட்மின்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேளச்சேரிப் பக்கம் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்புக்கு நான் அட்மின். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் ஓடுகிறதா, மெயின்டனன்ஸ் கட்டக் கடைசி நாள் என்ன என்பதற்காகத் தொடங்கிய குரூப் அது. ஒரே வருடத்தில் குட் மார்னிங் படம், ராசிபலன், கட்சிச் சண்டை, மனை விற்பனை எல்லாம் வந்து சேர்ந்தன. "நாளை சம்ப் கழுவுகிறோம், தண்ணீர் பிடித்து வையுங்கள்" என்று செக்ரட்டரி போட்டதை அந்தக் குவியலில் பாதிப் பேர் பார்க்கவே இல்லை. அதைச் சரிசெய்யப் போய் நான் செய்த தவறுகளையும், அக்கம்பக்கத்தில் பார்த்தவற்றையும் சொல்கிறேன்.

பெரிய தவறு, எல்லோர் முன்னாலும் கண்டிப்பது. இரண்டாம் மாடி மாமி ஒருவர் வடகம், அப்பளம் இருக்கிறது என்று அடிக்கடி போடுவார். "இது வியாபாரம் செய்யும் இடமில்லை" என்று குரூப்பிலேயே எழுதினேன். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அன்று இரவே மாமி குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார். அடுத்த வாரம் மோட்டார் பழுது. லாரி வரும் நேரம் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்குத் தவிர. வாட்ச்மேன் சொன்ன பிறகு குடத்தோடு இறங்கி வந்தவரைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். இப்போது யாராக இருந்தாலும் முதலில் தனிச் செய்திதான். வயதானவர் என்றால் போன், அல்லது படிக்கட்டில் பார்க்கும்போது ஒரு வார்த்தை.

விதியை மொட்டையாக எழுதுவதும் தவறு. "தேவையற்ற பதிவுகள் கூடாது" என்றால், தன் பதிவு தேவையற்றது என்று யாருக்குத் தோன்றும்? தண்ணீர், கரண்ட், பாதுகாப்பு, காணாமல் போன பொருள், அவசர உதவி என்று எது வரலாம் என்பதை குரூப் விவரத்தில் எழுதி வையுங்கள்.

அப்புறம், ஆளுக்கொரு நியாயம். அசோசியேஷன் தலைவர் போட்ட கோயில் திருவிழாப் படம் இருக்கும், வாடகைக்கு இருப்பவர் போட்டது மட்டும் போய்விடும். யாருடைய செய்தியையும் அட்மின் நீக்கும் வசதி 2022-ல் வந்தது. நீக்கியது அட்மின் என்பது அங்கேயே எல்லோருக்கும் தெரியும். காரணத்தை அவரிடம் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

தொல்லை தாங்காமல் குரூப்பைப் பூட்டி, அட்மின் மட்டும் எழுதலாம் என்று வைத்துவிடுகிறார்கள். சென்னையில் இது ஆபத்து. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பக்கத்துக் குடியிருப்பில் பூட்டியே வைத்திருந்தார்கள். கரண்ட் போய், அட்மின்கள் இருவரின் போனும் அணைந்துவிட்டது. தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியதை எழுத ஆளில்லை. எங்கள் குரூப் திறந்திருந்ததால், எந்தத் தெருவில் எவ்வளவு ஆழம், யார் வீட்டில் குழந்தைக்குப் பால் இருக்கிறது என்றெல்லாம் சிக்னல் கிடைத்தபோது வந்துகொண்டே இருந்தன.

அதே குரூப்பில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதாக ஒரு பழைய வீடியோவும் வந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும், பயந்துவிட்டார்கள். மழைக்காலத்தில் ஃபார்வர்டுகளைக் கவனிக்க ஒருவரை ஒதுக்குங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. எப்போது எடுத்த வீடியோ என்று கேளுங்கள். ஏரியின் முழுக் கொள்ளளவு உயரம் 24 அடி. அன்றைய நீர்மட்டத்தை மெட்ரோ வாட்டர் இணையதளத்தில் பார்த்துப் போட்டால் பதற்றம் அடங்கும்.

யாரோ போட்டதற்கு நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ என்று பயந்து எல்லாவற்றையும் நீக்கும் அட்மின்களும் உண்டு. அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கில்லை என்றால், வழக்கிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. வெறுப்புப் பேச்சையும் வதந்தியையும் உடனே நீக்குங்கள். மற்றதற்குப் பதற வேண்டாம்.

கடைசியாக, அரட்டைக்கு இன்னொரு குரூப் திறந்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது. எங்களுடையதற்கு 'திண்ணை' என்று பெயர். முதல் மாதம் அது காலியாகவே கிடந்தது. நானும் செக்ரட்டரியும் தினமும் அங்கே எழுதத் தொடங்கிய பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். மாமியை நான்தான் கூப்பிட்டுச் சேர்த்தேன். இந்த வெயிலுக்கு அவருடைய வடகத்துக்கு அங்கேயே 17 வீட்டுக்காரர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.